காதுக்காரியின் நான்காவது கேள்வி

அந்த ஊரில் பூட்டுகள் பேசும். நம்பினால் மேலே கேளுங்கள். நம்பாவிட்டால் உங்கள் பாடு, உங்கள் வீட்டுப் பூட்டின் பாடு. பேசும் என்றால் எல்லோரிடமும் வளவளவென்று பேசிவிடாது. சாவித் துளையில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, காதை ஒட்டவைத்துக் காத்திருக்க வேண்டும். எண்ணெய் விட்டால்தான் வாய் திறக்கும் என்பதில் பூட்டுக்கும் மனிதருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அதைக் கேட்கிற காது தலைமுறைக்கு ஒருவருக்குத்தான் வாய்க்கும். அந்தத் தலைமுறையில் வாய்த்தவளைக் காதுக்காரி என்று அழைத்தார்கள்.

இன்று அங்கே அழுகிற பிள்ளையை அடக்க, காதுக்காரி வருகிறாள் என்று சொன்னால் போதும். அவளைப் படுபாவி என்று ஒரு கட்சி. அவள் மட்டும் இல்லையென்றால் எளியவனுக்கு ஒரு கதவுகூடத் திறந்திருக்காது என்று இன்னொரு கட்சி. இரண்டு கட்சியும் ஒத்துப்போகிற விஷயம் ஒன்றுதான்: ஒரு காலத்தில் அவளைப் போல வாய் சுத்தமானவள் யாரும் இல்லை. அப்படிப்பட்டவள் எப்படி இப்படி ஆனாள்? எனக்கும் அதைத் தெரிந்துகொள்ளாமல் தூக்கம் வராது. அதனால்தான் இந்தக் கதை.

கடைத்தெருவின் கோடியில் அவர்களுடைய பட்டறை. அவள் பூட்டைக் கேட்பாள், தம்பி சாவி வெட்டுவான். தம்பிக்கு ஊர் வைத்த பெயர் அரம். கையில் பிடித்திருப்பதும் அதுதான், வாய்க்குள் இருப்பதும் அதுதான். காலையில் பட்டறைக்கு வந்தால் முதல் வேலையாக அக்காவைச் சீண்டிவிட்டுத்தான் முதல் சாவியைத் தொடுவான். இரும்போடு குசுகுசுத்துக்கொண்டே இருந்தால் மனிதர்கள் பேசுவது காதில் விழாமல் போய்விடும் என்பான். அவள் ஒரு இரும்புத் துண்டை எடுத்து அவன் மேல் எறிவது போல ஓங்குவாள். இத்தனைக்கும் அவன் கல்யாணமானவன், மனைவி நிறைமாதம்.

பூட்டுகளில்தான் எத்தனை குணம். சமையலறை அலமாரிப் பூட்டுகள் சரியான வம்புக்காரிகள். ஒன்று கேட்டால் ஒன்பது சொல்லும். பள்ளிக்கூடக் கதவின் பூட்டுக்கு எதையும் திருப்பிக் கேள்வி கேட்கிற வியாதி. மருந்துக் கிடங்கின் பித்தளைப் பூட்டோ சிடுமூஞ்சி, அளந்துதான் பேசும். ஆனால் எந்தப் பூட்டும் பொய் மட்டும் சொல்லாது. அது அவற்றுக்குத் தெரியாது. 'பூட்டும் பொய் சொல்லாது, காதுக்காரியும் பொய் சொல்லமாட்டாள்' என்பது ஊரில் பழமொழியாகவே ஆகிவிட்டிருந்தது. அதைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்கு உள்ளூர ஒரு கர்வம். வெளியே காட்டிக்கொள்ளமாட்டாள், அவ்வளவுதான்.

களவு நடந்தால் ஊரைக் கூட்டிப் பூட்டைக் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. எந்தச் சாவி, எத்தனை தடவை, பகலா இரவா. பரம்பரை பரம்பரையாக இந்த மூன்றுதான். நான்காவதாக ஒன்று கேட்கலாமே என்று யாருக்கும் தோன்றியதில்லை, அவளுக்கும்தான்.

அந்த வருஷம் ஊரில் விஷக்காய்ச்சல். வீட்டுக்கு ஒருவர் படுத்துக்கிடந்தார்கள். வெளியூரிலிருந்து வந்த மருந்தைக் கிடங்கில் வைத்துப் பூட்டி, மருந்துக்காரம்மா ஆளுக்கு இவ்வளவு என்று அளந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் காலையில் கதவைத் திறந்தால் பாதி ஜாடிகளைக் காணோம். பூட்டில் ஒரு கீறல்கூட இல்லை. ஊர் கொதித்துப்போயிற்று.

காதுக்காரி வந்தாள். ஊரே சுற்றி நிற்க, எண்ணெய் விட்டுக் காதை வைத்தாள். பித்தளைப் பூட்டு தன் வழக்கப்படி சுருக்கமாகச் சொன்னது. புதுச் சாவி. உன் பட்டறையில் பிறந்தது. ஒரே தடவை. பகல்.

கிடங்குச் சாவியின் அச்சு பட்டறையின் இழுப்பறையில்தான் இருந்தது. அதைத் தொடுகிறவர்கள் இரண்டே பேர். அவள் வெட்டவில்லை. நிமிர்ந்து பார்த்தால் ஊர் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறது. இன்னொருத்தியாக இருந்தால் எதையாவது மென்று விழுங்கியிருப்பாள். இவள் கேட்டதைக் கேட்டபடி சொன்னாள். சொல்லும்போது குரல்கூட நடுங்கவில்லை, அதில்கூட அவளுக்கு ஒரு பெருமை இருந்ததோ என்னவோ.

தம்பி மறுக்கவில்லை. ஆமாம், வெட்டினேன் என்றான். ஊர்த்தலைவர்தான் வந்து கேட்டார், மருந்துக்காரம்மா சாவியைத் தொலைத்துவிட்டு வெளியே சொல்ல வெட்கப்படுகிறாள், காதும் காதும் வைத்தாற்போல ஒன்று வெட்டிக் கொடு என்றார், கொடுத்தேன் என்றான். மருந்துக்காரம்மா தன் இடுப்பிலிருந்த சாவியை எடுத்துக் காட்டினாள். அது தொலையவே இல்லை. தலைவர் ஒரு சிட்டிகை மூக்குப்பொடியை உறிஞ்சிவிட்டு, மோதிரக் கையால் மீசையைத் துடைத்துக்கொண்டார். பாவம், மாட்டிக்கொண்டவன் நாலு பேரை இழுக்கத்தான் செய்வான் என்றார், மிகவும் தன்மையாக.

தம்பி அக்காவைப் பார்த்தான்.

"நீ என்னைப் பத்தி என்னக்கா நினைக்கிற?"

"பூட்டு சொன்னதைத்தான் சொன்னேன்" என்றாள் அவள்.

தீர்ப்பு, பூட்டு மறுப்பு. அதைவிடப் பெரிய தண்டனை அந்த ஊரில் இல்லை. குற்றவாளியின் உள்ளங்கையை மெழுகில் பதிப்பார்கள். அந்த மெழுகுக் கையை வீடு வீடாக எடுத்துப்போய் ஒவ்வொரு பூட்டுக்கும் காட்டி, இந்தக் கைக்குத் திறக்காதே என்று சொல்லிவிடுவார்கள். அப்புறம் எவ்வளவு நல்ல சாவி கொண்டுவந்தாலும் அவனுக்கு எந்தக் கதவும் திறக்காது. வேறு யாராவது திறந்துவிட்டாலும் அவன் பக்கத்தில் வந்தால் பூட்டு இறுகிக்கொள்ளும். ஒருமுறை மறுத்த பூட்டு மறுத்ததுதான். இரும்பு எதையும் மறக்காது. மறுக்கப்பட்டவர்கள் கொஞ்ச நாள் கூரை இறவாரங்களில் ஒதுங்கிக் கிடந்துவிட்டு, ஊரைவிட்டே போய்விடுவார்கள். அவள் காலத்தில் அப்படிப் போனவர்கள் மூன்று பேர்.

அந்த மெழுகுக் கையை ஊரெல்லாம் சுமந்துபோக வேண்டியவள் யார்? வேறு யார், காதுக்காரிதான்.

வீட்டில் தம்பி மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுது முடித்திருந்தாள். அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"பொறக்கப் போற பிள்ளைய அவரு எந்தக் கதவு வழியா வந்து பாப்பாரு, அண்ணி?"



களவு போன பூட்டிலிருந்துதான் சுற்றைத் தொடங்க வேண்டும் என்பது வழக்கம். மறுநாள் காலை கிடங்குக்குப் போய், எண்ணெய் விட்டு, மெழுகுக் கையைப் பூட்டின் முகத்துக்கு நேரே காட்டினாள். இது யாருடையது என்று கேட்டது பித்தளை. உன்னைத் திறந்தவனுடையது என்றாள். இல்லை என்றது பூட்டு.

அவளுக்குப் புரியவில்லை. உன்னைத் திறந்தது என் பட்டறைச் சாவி என்று நீதானே சொன்னாய் என்றாள். சாவி உன் பட்டறையில் பிறந்ததுதான், அதைப் பிடித்த கை இது இல்லை என்றது பூட்டு, முட்டாளிடம் பேசுகிற தொனியில்.

அவள் அப்படியே நின்றாள். கையைக் காட்டினால் பூட்டு அடையாளம் கண்டு மறுக்கிறது. அப்படியென்றால் கை எது என்பது பூட்டுக்கு எப்போதுமே தெரியும். தெரிந்ததை ஒருவரும் கேட்டதில்லை! இத்தனை தலைமுறையாக, கையைக் காட்டிக் கட்டளையிட்டவர்கள், ஒரே ஒருவர்கூட, எந்தக் கை என்று கேட்டுப் பார்க்கவில்லை. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடெல்லாம் தேடுகிறவர்களைப் பார்த்திருக்கிறோம். ஊரே அப்படி இருந்திருக்கிறது, அவள் உட்பட.

இப்போது அவள் கேட்டாள். எந்தக் கை?

வலது கை, மோதிரம் போட்டது என்றது பூட்டு. மூக்குப்பொடி வாசம். இன்னும் தும்மல் வருகிறது.

நேரே தலைவர் வீட்டுக்குப் போனாள். நியாயமாகச் சொன்னால் நியாயம் கிடைக்கும் என்று அப்போதும் நம்பினாள் பாருங்கள், அதுதான் அவள். தலைவர் அவளை உட்காரச் சொன்னார். உள்ளே பேத்தி இருமுகிற சத்தம் கேட்டது. அவர் மறுப்பார், கத்துவார் என்று எதிர்பார்த்துப் போனாள். அவரோ, பிள்ளைக்கு உடம்பு கொதிக்கும்போது வரிசையில் நிற்க மனசு வரவில்லை என்றார். சரி, எடுத்ததில் மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாமே என்றாள் அவள். எடுத்தது தெரிந்தால் தலைவர் பதவி என்னாவது என்று அவர் திருப்பிக் கேட்டார்.

"நீ ஒண்ணு யோசிச்சுப் பாரு" என்றார் பிறகு. "இந்தக் காது ஒருதடவை தப்பாக் கேட்டுச்சுன்னு ஆச்சுன்னா, இதுவரைக்கும் கேட்டது அத்தனையும் தப்புன்னு ஆயிடும். உன் பேச்சை நம்பி மூணு பேரை வெளியே அனுப்பியிருக்கோம். அவங்களுக்கு நீ பதில் சொல்லுவியா?"

அந்தக் கேள்வி அவள் நெஞ்சில் தைத்தது. இருந்தும், ஊரைக் கூட்டுங்கள், எல்லார் முன்னாலும் பூட்டைக் கேட்கிறேன் என்றாள். தாராளமாகக் கேள் என்றார் தலைவர். ஆனால் ஒரு தீர்ப்பு பாதியில் நிற்கும்போது இன்னொரு விசாரணை வைப்பது முறையில்லை. முதலில் சுற்றை முடி. சுற்று முடிந்ததும் உன் தம்பியை வீதியில் நடத்திப்போய் ஒவ்வொரு கதவிலும் கை வைக்கச் சொல்லிப் பார்ப்போம். பூட்டுகள் மறுத்ததை ஊர் பார்க்கட்டும். மறுநாளே கூட்டம் போட்டுத் தருகிறேன் என்றார். துணைக்குக் காவல்காரனையும் அனுப்பினார். துணைக்காம்!

அவர் போட்ட கணக்கு அவளுக்குப் புரியாமலா இருக்கும்? பூட்டுகள் மறுத்ததைக் கண்ணால் பார்த்த ஊர், அதற்கு மேல் அவள் சொல்வதை லேசில் நம்பாது. பூட்டுகள் உண்மையிலேயே மறுத்துவிட்டால், அப்புறம் தம்பி குற்றமற்றவன் என்று உலகமே சொன்னாலும் ஒரு கதவும் திறக்காது. உண்மை வெளியே வரும், அவன் வெளியிலேயே நிற்பான்.

மறுபடியும் கிடங்குக்கு வந்தாள். காவல்காரன் நாலடி தள்ளி நின்று பல் குத்திக்கொண்டிருந்தான். பூட்டோடு பேசுவதை அவன் பார்க்க முடியும், கேட்க முடியாது. அவள் பித்தளையில் வாயை வைத்துக் குனிந்தவள், வெகுநேரம் குனிந்தே இருந்தாள். அந்த இடத்தில்தான் எல்லாம் நடந்தது. பின்னால் நடந்ததெல்லாம் அதன் வால்.

இந்தக் கைக்கு நீ திறக்க வேண்டும் என்றாள். ஆனால் ஊர் பார்க்கும்போது இறுகிக்கொள். மறுத்தது போல இரு. அவன் தனியாக வந்தால் திற.

பூட்டு யோசித்தது. 'போல' என்றால் என்ன என்று கேட்டது.

அவள் விளக்கினாள். உள்ளே ஒன்றை வைத்துக்கொண்டு வெளியே இன்னொன்றைக் காட்டுவது என்றாள். பித்தளைக்கு அது பிடிபடக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பிடிபட்டதும் அதன் உள்ளே ஒரு சுருள்வில் சிலிர்த்துக்கொண்டது. இது நல்லாயிருக்கே என்றது. எதையும் நல்லாயிருக்கு என்று அது அதுவரை சொன்னதே இல்லை.

அப்படியே வீடு வீடாகப் போனாள். சமையலறை அலமாரிகளுக்குச் சொல்லித்தரவே வேண்டியிருக்கவில்லை. பாதி சொல்வதற்குள் புரிந்துகொண்டு சிரித்தன. பள்ளிக்கூடப் பூட்டு மட்டும் கேள்வி மேல் கேள்வி கேட்டு உயிரை எடுத்தது. இது தப்பு இல்லையா, தப்பென்றால் ஏன் சொல்லித்தருகிறாய், நீ இதற்கு முன்னால் செய்திருக்கிறாயா? இல்லை, இதுதான் முதல் தடவை என்றாள். தெருக்கள் போகப் போக அவளுக்கு நாக்கு சரளமாகிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு பூட்டுக்கும் ஒவ்வொரு விதமாகச் சொன்னாள். பெருமைக்காரப் பூட்டை முகஸ்துதி பண்ணினாள், பயந்த பூட்டை மிரட்டினாள். சந்தோஷமாக இருந்தது அவளுக்கு. கூசியது, ஆனாலும் சந்தோஷமாக இருந்தது. இரண்டையும் மறைக்காமல் சொல்லிவிடுவதுதான் கதை சொல்கிறவனுக்கு அழகு.

மறுநாள் பகலில் தம்பியை வீதியில் நடத்திப்போனார்கள். அவன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஒவ்வொரு கதவிலும் கை வைத்தான். பூட்டுகள் நறுக் நறுக்கென்று இறுகின. பட்டறைக்கு எதிர்வீட்டு வாசல் பூட்டு மட்டும் கொஞ்சம் அதிகமாகவே நடித்து, கதவோடு சேர்த்து லொடலொடவென்று ஆடிவிட்டது. ஊர் மிரண்டு ஓரடி பின்வாங்கியது. தலைவர் திருப்தியாக ஒரு சிட்டிகை போட்டுக்கொண்டார். தம்பி அக்காவைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. அவள் அவனிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. அவனுக்கு நடிக்கத் தெரியாது.

சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டுத் தலைவர் அடுத்த நாள் கூட்டம் போட்டார். போடாமல் இருந்தால் சந்தேகம் வருமே. கிடங்கு வாசலில் ஊர் நிறைந்து நின்றது. காதுக்காரி முதலில் மெழுகுக் கையைத் தூக்கிக் காட்டி, கை எது என்பது பூட்டுக்குத் தெரியும் என்பதையும், இதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை என்பதையும் எடுத்துச் சொன்னாள். கூட்டத்தில் சலசலப்பு. அட, ஆமாம், நமக்கு ஏன் இது தோன்றவில்லை என்று ஆளுக்கு ஆள் பார்த்துக்கொண்டார்கள். தலைவரின் கை மூக்குப்பொடி டப்பியில் அப்படியே நின்றது.

அவள் நிம்மதியாக இருந்தாள். இப்போது பொய் வேண்டியதில்லை. பழையபடி பூட்டு சொல்லும், அவள் சொல்லுவாள், ஊர் கேட்கும். எண்ணெய் விட்டு, காதை வைத்து, ஊருக்கே கேட்கிற மாதிரி உரக்கக் கேட்டாள். "உன்னைத் திறந்தது எந்தக் கை?"

பித்தளை மிகவும் பணிவாகக் கேட்டது.

"என்ன சொல்லட்டும்?"

நடந்ததைச் சொல் என்று அவள் முணுமுணுத்தாள்.

"ஊர் பார்க்கும்போது சொல்ற நடந்ததா, தனியா சொல்ற நடந்ததா?"

அன்றைக்கு என்னிடம் சொன்னாயே, மோதிரம், மூக்குப்பொடி என்று, அதைச் சொல் என்று கெஞ்சினாள். சரி, மோதிரம், மூக்குப்பொடி என்றது பூட்டு, கிளிப்பிள்ளை மாதிரி. வேறு ஏதாவது வேண்டுமானாலும் சொல்லுகிறேன் என்றது. உனக்கு எது சௌகரியமோ அது.

கேட்பதற்கு அந்தத் துளைக்குள் இனி ஒன்றும் இல்லை. அவள் மெல்ல நிமிர்ந்தாள். ஊர் அவள் வாயைப் பார்த்தது. தம்பி மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்வரிசையில் நின்றாள். தம்பி இரண்டு காவலர்களுக்கு நடுவில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மோதிரம் போட்ட வலது கை" என்றாள் காதுக்காரி. "மூக்குப்பொடி வாசம் அடிச்சுதாம். பூட்டு சொல்லுது."

குரல் இந்தத் தடவையும் நடுங்கவில்லை. சொன்னது அத்தனையும் உண்மை. பூட்டு சொல்லுது என்பது மட்டும்தான் பொய்.

தலைவர் வீட்டுப் பரண் மேலே மிச்ச ஜாடிகள் கிடைத்தன. அப்புறம் கேட்க வேண்டுமா! மறுக்கப்பட்ட கதவுகள் தம்பிக்கு எப்படித் திறக்கும் என்று யாரோ கவலைப்பட்டார்கள். அவள் பூட்டிடம் குனிந்து, இனி ஊர் பார்க்கும்போதும் திற என்று கிசுகிசுத்துவிட்டு, கை வைத்துப் பார்க்கட்டும் என்றாள். அவன் மருந்துக்காரம்மாவின் சாவியை வாங்கிக் கை வைத்தான், கிடங்குக் கதவு திறந்தது. குற்றமில்லாத கையை இரும்பு அறியும் என்று அவள் சொன்ன மாத்திரத்தில் ஊர் அதையும் பழமொழியாக்கிக்கொண்டது. அவ்வளவு சுலபமாக நம்பினார்கள். அதைப் பார்த்து அவளுக்கே கொஞ்சம் ஆச்சரியம்.

தலைவரின் மெழுகுக் கையை அவளே சுமந்துபோனாள். அவர் விஷயத்தில் எந்த விளையாட்டும் வைக்கவில்லை. உண்மையாகவே மறுக்கச் சொன்னாள். காய்ச்சல் தெளிந்த பேத்தி ஜன்னல் கம்பி வழியே தாத்தாவுக்குத் தண்ணீர் நீட்டுவதை அவள் ஒருநாள் பார்த்தாள். பார்த்துவிட்டு நடையை நிறுத்தாமல் போனாள்.

தம்பிக்குப் பெண் குழந்தை பிறந்தது. அவன் தன் வீட்டுக் கதவைத் தானே திறந்துகொண்டு உள்ளே போனான். வெளியே வந்து அக்காவிடம், நிஜமாகவே பூட்டு அப்படிச் சொன்னதா என்று கேட்டான். அவள் ஆமாம் என்றாள். அவனுடைய அரம் வாய் அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

பட்டறைக்குத் திரும்பியதும், இத்தனை வருஷமாகத் தினமும் பேசிய பட்டறைப் பூட்டிடம் போய்க் காதை வைத்தாள். வெளியே போயிருந்தபோது யார் வந்தார்கள் என்று கேட்டாள், சும்மா பேச்சுத் துணைக்கு.

"யார் வந்திருந்தா உனக்குப் பிடிக்கும்?" என்றது பூட்டு, மிகவும் பிரியமாக.

மழைக்காலத்தில் அடுத்த களவு நடந்தது. ஊர் கூடியது. காதுக்காரி வந்து குனிந்தாள், காதை வைத்தாள், வழக்கமாகக் காத்திருக்கிற நேரம் காத்திருந்தாள், நிமிர்ந்து ஒரு ஆளைக் கைகாட்டினாள். எண்ணெய்க் கிண்ணத்தை அவள் அன்று கொண்டுவரவே இல்லை. யாரும் அதைக் கவனிக்கவில்லை.